உல்லாசப் பயணமும் நடுநிலைச் செலவும்: சிங்கப்பூர் கற்றுத்தந்த பாடம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் இல்லங்களில் தவறாமல் எழும் கேள்வி, "இந்த முறை எங்கே போகலாம்?" என்பது. இன்று நம்மில் பலர் குடும்பத்துடன் கடல் கடந்தும் சென்று வருகின்றனர். அதற்கான தொகை வளைகுடாவில் உழைப்பவர் அனுப்பிய பணமாகவோ, கடை வருமானத்தில் மிச்சம் பிடித்ததாகவோ இருக்கும். அந்தத் தொகையை எதற்குக் கொடுக்கலாம், எதைக் காசின்றியே காணலாம் என்று புறப்படுமுன் எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. எண்ணிப் பாராமல் சென்று வந்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உம்மா, மனைவி, மூன்று பிள்ளைகளுடன் சிங்கப்பூர் சென்றேன். 3 நாட்களில் 5 இடங்கள் என்று ஒரு பயண முகவர் கட்டிக்கொடுத்த நுழைவுச்சீட்டுத் தொகுப்பை ஊரிலேயே வாங்கிவிட்டேன். கொடுத்த காசு வீணாகிவிடக் கூடாதே என்ற பதற்றம் அந்த மூன்று நாட்களும் எங்களை விரட்டியது. ளுஹர் தொழுகை அஸரின் விளிம்புக்குத் தள்ளிப்போனது. கேளிக்கைப் பூங்காவில் பிள்ளைகள் வரிசையில் நின்ற நேரமெல்லாம், முழங்கால் வலியுடன் உம்மா ஓர் இருக்கையில் அமர்ந்து எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தார். அவருக்கும் சீட்டு வாங்கியிருந்தேன். அவர் கண்டதோ எதிரே இருந்த ஐஸ்கிரீம் கடையை மட்டுமே.

நான்காம் நாள் கையில் சீட்டு எதுவும் இல்லை, விமானமோ இரவில்தான். பொழுதைப் போக்க தெலுக் ஆயர் தெருவுக்குச் சென்றோம். அங்கே 1828க்கும் 1830க்கும் இடையில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நினைவுக் கட்டடம் உள்ளது. இன்று அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். அதே தெருவில் சற்றுத் தள்ளி, 1827இல் ஒரு குடிசையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' என்று தமிழிலேயே பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசல். அங்கே ளுஹரை உரிய நேரத்தில் தொழுதோம். தொழுதபின் உம்மா நெடுநேரம் எழவில்லை. அவருடைய வாப்பா ரஜூலா கப்பலில் இந்த ஊருக்கு வந்து, அருகிலிருந்த ஒரு கடையில் பல்லாண்டுகள் வேலை பார்த்தவர். ஜும்ஆவை இந்தப் பள்ளியில்தான் தொழுததாகக் கடிதம் எழுதுவாராம். பிள்ளைகள் அன்றுதான் தம் கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி முதன்முதலாகக் கேட்டனர். திரும்பும்போது உம்மா சொன்னார்: "இத மொத நாளே காட்டியிருக்கலாமே வாப்பா."

உம்மாவின் முழங்கால் இனி விமானப் பயணத்துக்கு இடம் கொடாது. அந்த மூன்று நாட்களை நான் திரும்பப் பெற முடியாது.

இலவசம் என்றால் மட்டமா?

காசு கொடுத்தால்தான் தரமானது கிடைக்கும் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. துணிக்கடையில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஒரு நகரத்தைக் காண்பதில் அது உண்மையன்று. அந்நகரத்தின் ஆன்மாவைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் வழிபாட்டுத் தலங்களும் பொதுப் பூங்காக்களும் தெருக்களுமே. அவற்றுக்கு வாயிற்கட்டணம் இல்லை.

தெலுக் ஆயர் தெருவையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்படும்வரை அந்தத் தெரு கடற்கரையாக இருந்தது. கரையேறியவர்கள் உயிருடன் வந்து சேர்ந்ததற்கு நன்றி செலுத்திய இடங்களே அங்குள்ள பள்ளிவாசலும் சீனக் கோயிலும். அங்கிருந்து நடக்கும் தொலைவில் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. தமிழர்கள் அதைப் 'பெரிய பள்ளி' என்றழைத்தனர். அதே சாலையில் அருகிலேயே மாரியம்மன் கோயில். சீனர்களின் கடைவீதிக்கு நடுவே இவ்விரண்டும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அண்டை வீடுகளாக இருந்து வருகின்றன. அயலாரோடு வாழ்வது எப்படி என்று பிள்ளைகளுக்கு நாம் எத்தனையோ முறை அறிவுரை கூறுகிறோம். அந்தச் சாலையில் அதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம்.

கம்போங் கிளாமில் உள்ள சுல்தான் பள்ளிவாசலின் பொற்குவிமாடத்தைப் படம் எடுக்காமல் திரும்புவோர் இல்லை. ஆனால் குவிமாடத்தின் அடியில் சுற்றிலும் ஓடும் கரிய பட்டையை உற்று நோக்குவோர் சிலரே. அவை கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். 1932இல் நிறைவுற்ற இந்தக் கட்டடத்துக்குச் செல்வந்தர்கள் மட்டும் பங்களிக்கவில்லை. ஏழைகளும் தம்மால் இயன்றதாகப் புட்டிகளைக் கொடுத்தனர். பொன்னிறக் குவிமாடத்தைத் தாங்குவது போல் அந்த ஏழைகளின் புட்டிகள் பதிக்கப்பட்டுள்ளன. தர்மத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த பாடத்தை எந்தக் கட்டணக் காட்சியும் என் பிள்ளைகளுக்குத் தந்துவிடவில்லை. தேக்காவை ஒட்டிய டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கும் செல்லுங்கள். அதன் முகப்பில் சூரியக் கதிர்களைப் போன்ற 25 கதிர்களில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மதரஸாவில் மனனம் செய்த பெயர்களைப் பிள்ளைகள் அங்கே தேடிப் படிக்கலாம்.

1859இல் தொடங்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான தாவரவியல் பூங்காவும் அதிகாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை கட்டணமின்றித் திறந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் இங்கேதான் வளர்ந்தன. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை இங்கு இயக்குநராக இருந்த ரிட்லி உருவாக்கினார். அந்த ரப்பர்தான் பின்னர் மலாயாவின் தோட்டங்களாகி, ஆயிரமாயிரம் தமிழர்களைக் கடல் கடக்கச் செய்தது. இதை அறிந்து நடந்தால் அது நம் வரலாற்றின் ஒரு பக்கமாகிவிடும். அறியாமல் நடந்தால் வெறும் புல்வெளிதான். இலவச இடங்கள் நம்மிடம் கேட்கும் ஒரே கட்டணம், புறப்படுமுன் சற்றுப் படித்துக்கொள்வது.

காசு கொடுக்கத் தக்கவை

அதற்காகக் கட்டணம் எல்லாம் வீண்விரயம் என்று நான் கூற வரவில்லை. அது மறுகோடித் தவறு. இவ்வளவு தொலைவு வந்தும், சீட்டு விலையைக் கேட்டதும் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாயிலிலிருந்தே திரும்பும் தந்தையரையும் கண்டிருக்கிறேன். அந்த ஏமாற்றம் பிள்ளையின் மனத்தில் நெடுங்காலம் தங்கும். அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் அருளாளனின் அடியார்களை வருணிக்கும்போது, விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடைப்பட்ட நிலையையே அவர்களின் இயல்பாகக் கூறுகிறது. நாம் விரயத்தைப் பற்றிய பாதியை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கஞ்சத்தனத்தைப் பற்றிய பாதியை மறந்துவிடுகிறோம்.

எதற்குக் கொடுக்கலாம்? வேறு எங்கும் காசின்றிக் கிடைக்காததற்கும், கொடுக்கும் பணம் பராமரிப்புக்குச் செல்வதற்கும் கொடுக்கலாம். 1973இல் திறக்கப்பட்ட மண்டாய் விலங்குத் தோட்டம் அத்தகையது. கம்பிக் கூண்டுகளை இயன்றவரை தவிர்த்து, அகழிகளாலும் செடிகொடிகளாலும் எல்லை வகுத்த தோட்டம் அது. பிள்ளைகள் ஒரு நாள் முழுவதும் அலுப்பின்றி நடப்பார்கள். முதியோரும் உடன் வந்து மகிழலாம். ஆனால் அதன் அருகிலேயே இருக்கும் இரவு சஃபாரி, பறவைப் பூங்கா அனைத்துக்கும் ஒரே பயணத்தில் சீட்டு வாங்குவது தேவையற்றது. ஒன்றை நிதானமாகப் பார்ப்பது மூன்றை ஓடிப் பார்ப்பதினும் மேல்.

கரையோரப் பூந்தோட்டத்தில் 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள செயற்கைப் பெருமரங்களும், அவற்றில் இரவு 7.45க்கும் 8.45க்கும் நிகழும் ஒளிக்காட்சியும் இலவசம். கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. 'மேகக் காடு' என்னும் கூடத்தினுள் 35 மீட்டர் அருவி உண்டு. அருவிக்காக மட்டும் என்றால் சீட்டு வேண்டாம். சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் அருவியைக் காசின்றியே காணலாம். குளிர்மலைகளில் மட்டும் வளரும் செடிகளைக் காணும் ஆவல் உங்கள் வீட்டில் ஒருவருக்கேனும் இருந்தால், அந்தக் கட்டணம் தகும்.

உயரத்திலிருந்து நகரைக் காண்பதற்கும் இதே அளவுகோல். 165 மீட்டர் ராட்சத ராட்டினம், மரினா பே சாண்ட்ஸின் 57ஆம் தளம் இரண்டுக்கும் சீட்டு வாங்கிய நான் இரண்டிலும் கண்டது ஒரே கடலையும் ஒரே கட்டடங்களையும்தான். மரினா அணைக்கட்டின் புல்வேய்ந்த மேற்கூரைக்குச் செல்லக் கட்டணமே இல்லை. அங்கே காற்றாடி விட்டு விளையாடும் குடும்பங்களோடு அமர்ந்து அதே நகரின் விளக்குகளைக் காணலாம்.

மூன்று கேள்விகள்

என் தவறிலிருந்து நான் கற்றது மூன்று கேள்விகள். எந்த ஊருக்குச் செல்வோரும் சீட்டு வாங்குமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, இது யாருக்காக? ஆறு பேர் செல்லும் இடத்தில் இருவர் மட்டும் மகிழ்ந்து நால்வர் காத்திருப்பார்கள் என்றால், இருவருக்கு மட்டும் சீட்டு வாங்குவதில் குற்றமில்லை. மற்றவர்கள் அந்த நேரத்தில் தங்களுக்கு ஏற்ற இடத்துக்குச் செல்லட்டும். வீட்டின் மூத்தவரிடமும் "உங்களுக்கு என்ன பார்க்கணும்?" என்று கேட்பது நம் கடமை. உம்மாவிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே தெலுக் ஆயர் தெருவில் நின்றிருப்போம்.

இரண்டாவது, இதைக் காண விரும்புகிறோமா, கண்டதாகக் காட்ட விரும்புகிறோமா? உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போடும் வாய்ப்பே இல்லை என்றாலும் இந்தத் தொகையைக் கொடுப்போமா என்று நம்மையே கேட்டுக்கொண்டால், பாதிச் சீட்டுகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, இது நம் நாளுக்குள் அடங்குமா? நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் சிங்கப்பூரில் தொழுகை நேரங்கள் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை; ளுஹர் பகல் 1 மணியை ஒட்டியும் மஃரிப் இரவு 7 மணியை ஒட்டியும் வரும். தொழுகைகளை முதலில் குறித்துக்கொண்டு, இடையில் உள்ள நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு கட்டண இடம் என்று வகுத்தால் ஓட்டமே இராது. பயணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைகளையும் நாம் சார்ந்த மத்ஹபின்படி அறிந்துகொண்டு செல்லலாம். மஃரிபை முடித்துவிட்டு நிதானமாக நடந்து சென்று ஒளிக்காட்சியைக் காணும் பிள்ளை, தொழுகையை உல்லாசத்துக்கு இடையூறாக ஒருபோதும் எண்ணாது.

ஊர் திரும்பியபின் பிள்ளைகளிடம் பிடித்தது எது என்று கேட்டேன். மூத்தவன் விலங்குத் தோட்டத்தைச் சொன்னான். அடுத்தவள் புட்டிகள் பதித்த குவிமாடத்தைச் சொன்னாள். கடைக்குட்டி சொன்னது இரட்டை மாடிப் பேருந்தின் மேல்தளத்து முன்னிருக்கையை. நான் அதிகமாகச் செலவழித்த கேளிக்கைப் பூங்காவை எவரும் சொல்லவில்லை. உம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல், குச்சுப் பள்ளியின் வாசலில் எடுத்த படத்தைத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாம் ஈட்டும் பொருளையும் நமக்கு அளிக்கப்பட்ட நேரத்தையும் உரியவற்றில் செலவிடும் நல்லறிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.