இரவில் குளிர்கிறதா?

ஆனியும் ஆடியும் பல இல்லங்களில் பிரிவின் மாதங்கள். பள்ளிப் படிப்பை முடித்த பேரனோ பேத்தியோ வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்படும் காலம் அது. பூஜையறையில் விளக்கேற்றி, நெற்றியில் திருநீறோ திருமண்ணோ இட்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் வழியனுப்புகிறார்கள். வாய் சாதுரியமுள்ள பிள்ளையானால் மனம் விரைவில் ஆறிவிடும். விருந்தினர் முன்னே வந்து நிற்கவும் கூசும் பிள்ளையானால், பேருந்து மறைந்த பிறகும் வாசலைவிட்டு நகர மனம் வருவதில்லை.

அத்தகைய மகன் ஒருவரைக் கடல் கடந்து அனுப்பியவர் கும்பகோணத்தில் வாழ்ந்த கோமளத்தம்மாள். அம்மகனே கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன்.

கல்லூரியின் முதலாண்டு ராமானுஜனுக்கு இனிதாக அமைந்ததில்லை. 1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்தமையால் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகையும் போயிற்று. அந்தத் துயரை எவரிடமும் எடுத்துரைக்க மாட்டாமல், வீட்டாருக்குச் சொல்லாமலே விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். கூச்சமுள்ளவர் இயல்பு அதுவே. உதவி கேட்பதைவிட விலகிப்போவது அவர்களுக்கு எளிதாகத் தோன்றும்.

பத்தாண்டுகள் சென்றபின், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஹார்டி அவரை அழைத்தார். கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதம் என்று கருதிய காலம் அது. தாயார் இசையவில்லை. பெரியதொரு கூடத்தில் ஐரோப்பியர் சூழத் தம் மகன் வீற்றிருப்பதாக ஒருநாள் கனவு கண்டார் என்றும், மகனின் வழியில் குறுக்கே நிற்கவேண்டாம் என்று நாமகிரித் தாயார் ஆணையிட்டார் என்றும், அதன் பின்னரே அவர் இசைந்தார் என்றும் ராமானுஜனின் வரலாறு கூறுகிறது. நாமக்கல்லில் நரசிம்மப் பெருமாளுடன் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தின் தெய்வம்.

1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார் ராமானுஜன். குடுமி முன்னரே களையப்பட்டிருந்தது. பழகாத காலணியும் பழகாத உடையும் உறுத்தின. ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் சேர்ந்தவர், சில வாரங்கள் கணித ஆசிரியர் நெவில் என்பவரின் இல்லத்தில் தங்கினார். பின்னர் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார். கல்லூரி உணவுக்கூடத்தில் எல்லோரும் கூடி உண்டு நட்புக்கொள்ளும் வேளையில், சைவ உணவு நியமம் வழுவாத அவர், தம் அறையில் தாமே சமைத்துத் தனியே உண்டார். ஆகஸ்டில் உலகப்போர் மூண்டது. குளிரும் வந்தது.

அந்நாட்களில் அங்கே கிங்ஸ் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த வங்காள இளைஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், குளிர் மிகுந்த ஒருநாள் ராமானுஜனைக் காணச் சென்றார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர் அவரே. ராமானுஜன் கணப்பினருகே நெருங்கி அமர்ந்திருந்தார். இரவில் குளிர் தெரியாமல் உறங்க முடிகிறதா என்று வினவினார் மகலனோபிஸ். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் ராமானுஜன்.

மகலனோபிஸ் எழுந்து படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலின்மேல் கம்பளிகள் பல இருந்தன. மெத்தையின் ஓரத்தில் அவை இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ராமானுஜன் அறியவில்லை. இத்தனை நாளும் கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். கம்பளியை மடித்துத் திறந்து, படுக்கும் முறையை மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். ராமானுஜன் நெஞ்சம் நெகிழ்ந்தார்.

அதே நாட்களில் வகுப்பொன்றில் ஆசிரியர் ஆர்தர் பெரி கரும்பலகையில் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தார். ராமானுஜனின் முகமலர்ச்சியைக் கண்டு, ஏதேனும் சொல்ல விருப்பமா என்று கேட்டார். ராமானுஜன் எழுந்து சென்று, ஆசிரியர் இன்னும் நிறுவாத முடிவுகளைப் பலகையில் எழுதினார்.

இரண்டு இடத்திலும் நிகழ்ந்தது ஒன்றுதான். மற்றவர் முகம் பார்த்து வினவியதும், மூடியிருந்த கதவு திறந்தது. கம்பளியும் கட்டிலிலேயே இருந்தது. மேதையும் உள்ளத்திலேயே இருந்தது. கேட்பதற்கு ஒருவர் வரவேண்டியிருந்தது. தாயின் கனவில் வந்து விடைகொடுத்த தெய்வம், அயல்நாட்டில் ஒரு சகமாணவரின் அக்கறையாக வந்தது என்று பக்தர் கொள்வதில் பிழையில்லை.

ஒருமுறை கேட்டால் போதும் என்பதற்கில்லை. 1915இல் மகலனோபிஸ் தாயகம் திரும்பினார். 1917இல் ராமானுஜன் நோய்வாய்ப்பட்டார். 1919இல் தாய்நாடு மீண்டவர், மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கூச்சமுள்ளவரின் குளிரைத் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இன்று தொலைபேசி வந்துவிட்டது. "சாப்பிட்டாயா கண்ணா?" என்று தாத்தா கேட்கிறார். "சாப்பிட்டேன் தாத்தா" என்று பதில் வருகிறது. அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. யாருடன் அமர்ந்து சாப்பிட்டாய், பக்கத்து அறைப் பிள்ளையின் பெயர் என்ன, துணி துவைக்கும் இடம் தெரிந்ததா, இரவில் உறக்கம் வருகிறதா என்று சின்னச் சின்னதாகக் கேட்கும் பெரியவருக்கே உண்மையான பதில் கிட்டும். கூச்சத்தைக் குறையாகச் சொல்லிக் கடிந்தால் அந்தப் பதிலும் நின்றுபோகும்.

கல்லூரியில் ஓராண்டு கழித்து நிலைபெற்ற பேரப்பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் சொல்லவேண்டிய சொல் ஒன்று உண்டு. புதிதாக வந்து ஒதுங்கி நிற்பவரின் அறைக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளைக்காகச் சந்நிதியில் செய்யும் அர்ச்சனையோடு, அந்த வினாவும் ஒரு வழிபாடே.