நள்ளிரவு எண்ணெய் யாருடையது?

தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தொடர் நம் பேனாவை நிறுத்தியது. "அறிஞர் நள்ளிரவு எண்ணெயை எரித்துப் பட்டம் பெற்றார்" என்று மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். 'பர்ன் த மிட்நைட் ஆயில்' என்னும் ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. இரவு நெடுநேரம் விழித்திருந்து படிப்பது, எழுதுவது போன்ற பணிகளையே அத்தொடர் குறிக்கும். விடிய விடியத் திரைப்படம் பார்த்தவருக்கு அது பொருந்தாது. தமிழில் 'கண்விழித்துப் படித்தார்' என்றாலே போதுமே!

சிவப்பு மையால் அடித்துவிட்டோம். ஆயினும் அந்த எண்ணெய் நம் மனத்தை விட்டு அகலவில்லை. 1635-இல் வெளிவந்த தம் நூலில் பிரான்சிஸ் குவார்லெஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர் நள்ளிரவு எண்ணெயைக் குறிப்பிட்டிருக்கிறார். மின்விளக்கு இல்லாத காலம் அது. கூடுதலாக ஒரு நாழிகை படித்தால் எண்ணெய்க்குக் கூடுதலாகக் காசு வேண்டும். ஆகவே அத்தொடரில் உழைப்போடு செலவும் கலந்திருக்கிறது. எனினும், எண்ணெய் வாங்கித் தந்தவர் யார் என்பதை அது சொல்வதில்லை. கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள், அரசுப் பணி முடிந்து சொந்தப் பேச்சுத் தொடங்கியதும், பொதுப்பணத்தில் எரிந்த விளக்கை அணைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எண்ணெய்க்கு உரியவரை மறவாத உள்ளம் அது.

முயற்சியைக் குறிக்க நம் மக்களிடம் 'மெனக்கெடுதல்' என்றொரு சொல் உண்டு. 'வினைகெடு' என்பதன் திரிபு என்பர். தன் வேலை கெடுவதையும் பொருட்படுத்தாது ஒன்றற்காகப் பாடுபடுவது என்பது பொருள். அங்கே முயற்சியின் அளவு, இழந்த கூலியால் தெரிகிறது. கொச்சை என்று கருதி இச்சொல்லை நாமே பல விடைத்தாள்களில் அடித்திருக்கிறோம். அது தவறென்று இன்று எண்ணுகிறோம்.

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் போன்ற நெசவூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இதை நன்கறிவர். தந்தை தறியில் அமர்ந்தால் தாய் தார் சுற்றவேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவர் வேலையும் நிற்கும். அப்படியொரு தாய் ஒருநாள் துறைக்கு வந்தார். "சார், தார் சுத்துறதப் போட்டுட்டு மெனக்கெட்டு வந்திருக்கேன். பையன் எப்படிப் படிக்கிறான்னு சொல்லுங்க" என்றார். பையனுக்கு வருகைப்பதிவு குறைவு. அதைச் சொல்ல நாம் தயங்கினோம். அருகில் நின்ற அவனோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் முதல் மணி அடிக்குமுன் வகுப்பில் இருந்தான்.

இப்போது விடைத்தாளில் 'மெனக்கெட்டு' என்ற சொல்லைக் கண்டால் நாம் அடிப்பதில்லை.