பழைய பேரேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

நம் திருவனந்தபுரத்துக்கு வடக்கே, அஞ்சுதெங்கில் ஆங்கிலேயக் கும்பெனியின் கோட்டை இன்றும் நிற்கிறது. 1728இல் அவ்வூரில் பிறந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மின் தந்தை அலெக்சாண்டர், கும்பெனி மருத்துவர். இது இன்றும் தெரியக் காரணம், அவர்கள் எழுதி வைத்ததுதான். அந்த ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன; வழிவந்தவர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

சாலைக் கடைவீதியை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாஸ் என்பது நமக்குத் தெரியும். அங்கே கடை வைக்க வந்த நம் முப்பாட்டனார் எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார்? என் வீட்டிலேயே பதில் இல்லை. ரயில்வேயில் சிறு மதகுக்கும் எண்ணும் கட்டிய ஆண்டும் குறித்து வைத்தவன் நான்!

பழைய கடைப் பேரேடுகளிலும் பத்திரங்களிலும் விடை இருக்கலாம். கடையைப் புதுப்பிக்கும்போது அவற்றை எடைக்குப் போடாதீர்கள். நம் சங்கம் வாங்கிப் படியெடுத்து வைக்கட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதுங்கள்.