ஊர்க்கூட்டமும் கிராம சபையும்

நமது கிராமங்களில் "ஊர்க்கூட்டம்" என்பதாக ஒன்று நடந்து வருவது யாவரும் அறிந்த சங்கதியேயாகும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது, கண்மாய் மீனை ஏலம் விடுவது, வழக்கு வியாஜ்யங்களைப் பேசி முடிப்பது, கட்டுப்பாட்டை மீறினவனுக்கு அபராதம் போடுவது, அபராதம் கட்டாதவனை ஊரைவிட்டுத் தள்ளி வைப்பது ஆகிய காரியங்களெல்லாம் அக்கூட்டத்திலேயே நடைபெறுகின்றன. ஆனால் அதே ஊரில் சட்டப்படி மற்றொரு கூட்டமும் உண்டு. அதற்குப் பெயர் கிராம சபை. முதல் கூட்டத்திற்குப் போகாவிட்டால் அபராதம், இரண்டாவது கூட்டத்திற்குப் போனாலோ, "உனக்கு வேறு வேலையில்லையா?" என்கின்ற பரிகாசம்! இவ்விரண்டில் உண்மையாகவே ஊருக்குப் பொதுவான கூட்டம் எது என்பதைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகின்றோம்.

முதலாவதாக, ஊர்க்கூட்டத்தில் உட்காருகின்றவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலான கிராமங்களில் அங்கே சேரியில் உள்ளவனுக்கு இடமில்லை. ஏனென்றால் அவன் "ஊர்" அல்லவாம்! அந்த ஊரின் வயலை உழுகின்றவன் அவன். வாய்க்காலை வெட்டுகின்றவன் அவன். சாவுக்குப் பறையடிக்கக் கூப்பிடப்படுகின்றவனும் அவன். ஆனால் ஊர் என்று பேசும்போது மாத்திரம் அவன் ஊரில் சேர்ந்தவனாக மாட்டான். இரண்டாவதாக, பெண்களுக்கு அங்கே இடமில்லை. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் என்றுதான் கணக்கு. புருஷன் இறந்துபோய், பிள்ளைகளைக் கூலி வேலை செய்து காப்பாற்றுகின்ற பெண்ணின் குடும்பம் பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாகக்கூட எண்ணப்படுவதில்லை. ஆகவே, ஊரில் பாதிக்குமேற்பட்ட ஜனங்களைத் தள்ளிவிட்டு, மிச்சமுள்ளவர்களில் நிலமும் குரலும் உள்ள நாலுபேர் பேசி முடிப்பதற்குத்தான் "ஊர் தீர்மானம்" என்று பெயர் வைத்திருக்கின்றார்கள்.

இதைக் கண்டித்துப் பேசினால், உடனே சிலர் பழம்பெருமையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகின்றார்கள். "ஆயிரம் வருஷத்திற்கு முன்னமேயே உத்திரமேரூரில் குடவோலை போட்டுத் தேர்தல் நடத்தினவர்கள் நாம்" என்கின்றார்கள். நடத்தியது உண்மைதான். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, சுமார் கி.பி. 920-ஐ ஒட்டியது, இன்றைக்கும் இருக்கின்றது. ஆனால் குடவோலையில் யார் பெயரை எழுதலாம் என்று அதிலேயே எழுதியிருப்பதை மாத்திரம் இவர்கள் வெளியில் சொல்லுவதில்லை. கால் வேலிக்குமேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வயது 35-க்குமேல் 70-க்குள் இருக்கவேண்டும்; அதோடு வேதப் பயிற்சியும் வேண்டும்! அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. அந்த நிலத்தை உழுதவனுக்கோ, அதில் நாற்று நட்டவளுக்கோ அந்தக் குடத்தில் ஓர் ஓலை உண்டா என்று கேட்கின்றோம்.

இந்திய அரசியல் சட்டத்தை எழுதியபோதும் இந்தப் பெருமை பேசப்படாமல் இல்லை. கிராமமே அரசியலுக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். அப்போது 1948-ஆம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் அடைந்து கிடக்கின்ற இடம் என்று முகத்திற்கு நேராகவே சொன்னார். பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தக்க விதமாக நமது கிராமங்கள் நடந்து கொண்டனவா?

மதுரை ஜில்லா உத்தப்புரத்தில், 1989 கலவரத்திற்குப் பிறகு, தாழ்த்தப்பட்ட மக்கள் வரமுடியாதபடி ஒரு சுவரே எழுந்தது. அதில் ஒரு வழி உடைத்துவிட 2008 மே 6-ந் தேதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1996-இல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், 2006 வரையில் பத்து வருஷகாலம் ஒரு தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. மேலவளவில் துணிந்து நின்று ஜெயித்த முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30-ந் தேதி பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இவையெல்லாம் பழங்கதை என்பீர்களானால், 2020-இல் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண் தலைவர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்ற ஒரே காரணத்திற்காகக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. மற்றவர்களுக்கெல்லாம் நாற்காலி, தலைவருக்குத் தரை! இதுதான் "ஊர் வழக்கம்" என்பதன் யோக்கியதை.

நிற்க, இனி கிராம சபையைக் கவனிப்போம். 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினரே. அங்கே தலைக்கட்டு இல்லை, ஜாதி இல்லை, ஆண், பெண் என்கின்ற பேதமில்லை. 18 வயதான கூலிக்காரப் பெண்ணுக்கும், நூறு ஏக்கர் மிராசுதாரருக்கும் ஒரே பாத்தியம்தான். முன்பு வருஷத்திற்கு 4 முறை கூடி வந்த இச்சபை, 2022 முதல் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று 6 முறை கூடும்படி செய்யப்பட்டிருக்கின்றது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைச் சபையில் வைக்க வேண்டும். வருஷத் திட்டத்திற்குச் சபையின் ஒப்புதல் வேண்டும். தணிக்கை அறிக்கையைக் கேட்கவும் சபைக்கு உரிமையுண்டு. 500 பேர்வரை உள்ள ஊரில் 50 பேரும், 3000 வரை 100 பேரும், 10000 வரை 200 பேரும், அதற்குமேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

இவ்வளவு அதிகாரமுள்ள சபை எப்படி நடக்கின்றது? பல ஊர்களில் பத்துப் பதினைந்து பேர் மரத்தடியில் உட்காருகின்றார்கள். செயலர் ஒருவருக்கும் விளங்காத வேகத்தில் தீர்மானங்களைப் படித்துவிடுகின்றார். பிறகு நோட்டுப் புத்தகம் வேலை நடக்கும் இடத்திற்குப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுகின்றது. 2016 முதல் பாதி இடங்கள் பெண்களுக்கென்று சட்டமாகியும், பெண் தலைவரின் நாற்காலியில் அவருடைய புருஷன் உட்கார்ந்து கொள்ளுகின்றார். சில ஊர்களிலோ, 2019 தேர்தலின்போது வெளிவந்த செய்திகளின்படி, தலைவர் பதவியையே கோவில் திடலில் ஏலம் போட்டு, அதற்கு "ஊர் ஒற்றுமை" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மீனை ஏலம் விட்டுப் பழகினவர்கள் மனிதனின் ஓட்டையும் ஏலம் விட்டதில் ஆச்சரியமென்ன? பணமுள்ளவன் வாங்குவதும், இல்லாதவன் வாயை மூடிக்கொள்ளுவதும்தான் ஒற்றுமை என்றால், அந்த ஒற்றுமை கெட்டுப்போவதே ஊருக்கு நல்லது என்று சொல்லுவோம்.

"கிராம சபைத் தீர்மானத்தினால் என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் அரிட்டாபட்டியைப் பார்க்கட்டும். மேலூர்ப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு மத்திய சர்க்கார் ஏலம் விட்டபோது, 2024 நவம்பரில் அரிட்டாபட்டியும் சுற்றுப்பக்க ஊர்களும் கிராம சபை கூட்டி எதிர்த்துத் தீர்மானம் போட்டன. ஜனங்கள் அதோடு வீட்டுக்குப் போய்விடாமல் தெருவிலும் இறங்கினார்கள். டிசம்பரில் சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 ஜனவரி 23-ந் தேதி ஏலமே ரத்தாயிற்று. ஆனால் காகிதமே எல்லாம் செய்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. காஞ்சிபுரம் ஜில்லா ஏகனாபுரத்தார் 2022 முதல் விமான நிலையத்திற்கு எதிராகத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் சர்க்கார் அதற்குச் செவிசாய்க்காததை அறிவோம். ஆனாலும் ஒன்று நிச்சயம். எழுதி வைத்த தீர்மானம் நாளைக்கு வாதாடுவதற்கு ஆதாரமாக இருக்கும். எழுதாமல் மனதிற்குள் வைத்துப் புழுங்குவது யாருக்குத் தெரியும்?

ஆகவே, கிராமத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். தனியாகப் போகாமல், தாயையும் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். சேரியில் உள்ளவரின் பக்கத்தில் உட்காருங்கள். கணக்கை மெதுவாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிட்டது, சுடுகாட்டுப் பாதை யாருக்கு மறிக்கப்பட்டிருக்கிறது, ஊர்விலக்கு என்று யாரையாவது தள்ளி வைத்திருக்கின்றார்களா என்பவற்றை எழுந்து நின்று கேட்டு, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வேலை செய்யும் இடத்திற்கு நோட்டு வந்தால் போடாதீர்கள்.

தலைக்கட்டு வரி வாங்க வீடு வீடாய் வருகின்றவர்களுக்கு ஒரு கேள்வி வைத்திருங்கள். "இந்த ஊரில் பிறந்த எல்லோரும் உங்கள் கூட்டத்தில் உட்காரலாமா?" என்று கேளுங்கள். "ஆம்" என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு வருகின்றவரையில், அது ஊருக்குப் பொதுவான கூட்டமென்று சொல்லிக்கொள்ள அவர்களுக்குச் சிறிதும் பாத்தியமில்லை.