வல்லூறு கமக்காரரின் பகையா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோழிக்குஞ்சொன்று காணாமற்போயின் பழி முதலிற் பிராந்தின்மேல் விழும். காகமும் கீரியும் கொண்டுபோனவையும் அதே கணக்கிற் சேர்ந்துவிடுகின்றன. இவ்வாறு பழிசுமந்து கல்லெறி படுவனவற்றுள் ஒன்று வல்லூறு. இது புறாவளவினது, ஆணினும் பெண் பெரிது. முதுகு சாம்பல் நிறம். மார்பிற் செம்பழுப்புக் குறுக்குக்கோடுகள் நெருங்கியிருக்கும். முதிர்ந்த ஆணின் கண் சிவந்தது.

வல்லூறு பெரும்பாலும் வேம்பு, புளி, மா முதலியவற்றின் இலைச்செறிவில் அசையாதிருந்து இரைபார்க்கும். கீழே ஓணானோ வெட்டுக்கிளியோ சுண்டெலியோ அசைந்ததும் தாழப் பறந்து பற்றும். அணிலையும் சிறு குருவிகளையும் விடாது. இதனைத் துரத்தியடிக்கும் கரிக்குருவியே, மைனாக்களை வெருட்டி இரையைப் பறித்தற்கு இதன் குரலைப் பாவனை செய்வதுமுண்டு.

ஓணானும் பூச்சி தின்பதாகலின், வல்லூறு பிடிப்பதெல்லாம் கமக்காரருக்கு இலாபமென்பது நேர்மையன்று. வயலெலியை அடக்குவதிலும் ஆந்தையின் தொண்டே பெரிது. ஆயினும் வெட்டுக்கிளியையும் சுண்டெலியையும் கூலியின்றிப் பிடிக்கும் பறவையை, எப்போதோ கொண்டுபோகும் ஒரு குஞ்சுக்காகக் கொல்லுதல் நட்டக் கணக்கேயாம். குஞ்சுகளைப் பெருக்கும்வரை கரப்பின்கீழ் மேயவிட்டால் அந்நட்டமும் இல்லை.

கல்லினும் கொடியது நஞ்சு. 1995–96இல் ஆர்ஜென்டினா நாட்டில் வெட்டுக்கிளியை அழிக்க மொனோகுரோட்டபொஸ் தெளித்தபோது, அவற்றைத் தின்னவந்த பருந்தினமொன்று ஆயிரக்கணக்கில் மடிந்தது. பூச்சியைத் தின்று உதவவந்த பறவைகளே அங்கு மாண்டன. இலங்கையில் அம்மருந்து 1995இல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் தோட்டங்களில் வேறு நஞ்சுகள் தெளிக்கப்படுகின்றன. நஞ்சுண்டு தள்ளாடும் சுண்டெலி வல்லூற்றுக்கு எளிய இரை என்பதை எலிமருந்து வைப்போர் எண்ணுதல் வேண்டும். இறந்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்தல் சிறிய வேலையே.

மரமின்றி வல்லூறு இல்லை. பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகள் மதில்களாகின்றன. வெங்காயத்திற்கு நிழல் விழுகின்றதென்று எல்லையில் நின்ற வேம்பும் தறிக்கப்படுகின்றது. நிழலுக்குப் பரிகாரம் கிளை கழித்தலேயன்றி மரத்தை அடியோடு வீழ்த்துதலன்று. குழையும் பசளைக்காகும். ஆனால் கிளை கழிக்குமுன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தல் நன்று. பங்குனி முதல் வைகாசி வரை வல்லூறு உயர்ந்த கவரிற் சுள்ளிகளால் கூடுகட்டி, மூன்று நான்கு முட்டையிட்டு அடைகாக்கும். குஞ்சுகள் பறந்தபின் அக்கிளையைக் கழிக்கலாம்.