புத்திசாலிப் பையன்

"பையன் ரொம்ப புத்திசாலி!" நாலாங்கிளாஸ்ல என்னைப் பத்தி எல்லாரும் சொன்னது இது. விளைவு? விடை நிச்சயமா தெரிஞ்சா மட்டும்தான் கை தூக்குவேன். இன்னைக்கு இங்க எம்.எஸ். வகுப்புலயும் "புரியலை"ன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது.

1998-ல் க்ளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர் போட்டு முடித்ததும், சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நல்லா உழைச்சே" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கஷ்டமான புதிர்கள், திணறினார்கள். மறுபடி சுலபமானவை கொடுத்தபோது உழைப்புக் கோஷ்டி முன்னைவிட நன்றாகப் போட்டது. புத்திசாலிக் கோஷ்டியோ முன்னைவிட மோசம்!

பாராட்டை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல வரலை. ஆனா வாய்ப்பாட்டுக்கும் முன்னாடி ஒரு குழந்தைக்கு வேண்டியது, தப்பு பண்ணப் பயப்படாத குணம். அதை வளர்க்கிறதும் கெடுக்கிறதும் நாமதான்.

நேத்து போன்ல அக்கா பொண்ணு, "கணக்கு தப்பாயிடுச்சு மாமா"ன்னு அழுதா. "எந்த இடத்துல தப்பாச்சு, சொல்லு பாப்போம்"னேன். அழுகையை நிறுத்திட்டு விளக்க ஆரம்பிச்சுட்டா.

நாளைக்கு வகுப்புல நானும் கை தூக்கணும்.