காணவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், ராஸ்தா பேட்டையில் வசிக்கும் அம்மையார் ஒருவர் நம்மை நாடி வந்தார். வெளியே நல்ல மழை. மடிக்கணினி ஒன்றைத் துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல் மார்போடு அணைத்திருந்தார்.

"அண்ணா, இதற்கு வை-ஃபை போய்விட்டதாம், போர்டு மாற்ற ஒன்பதாயிரம் ஆகுமாம். பழுது பார்ப்பவர் போனிலேயே சொல்லிவிட்டார். நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

ஒன்பதாயிரம் ரூபாய் சிறு தொகையன்று. ஆயினும் அவருடைய கவலை அதுவன்று என்பதைச் சற்று நேரத்தில் அறிந்துகொண்டோம். அவருடைய தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. காது மிகவும் மந்தம். கண்ணும் முன்போல் இல்லை. மகன் அமெரிக்காவில் இருக்கிறார். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு மடிக்கணினியின் பெரிய திரையில் மகன் முகம் தோன்றும். அவர் வாயசைவைப் பார்த்தே அம்மூதாட்டி பேச்சை விளங்கிக்கொள்வார். கைப்பேசியின் சிறு திரையில் அது இயலாது. அந்தப் பயனுக்காகவே, சென்ற முறை ஊருக்கு வந்தபோது, மகன் தாம் பயன்படுத்திய பழைய கணினியை விட்டுச் சென்றிருக்கிறார்.

மூன்று நாட்களாக அம்முகம் தோன்றவில்லை. கணினி கெட்டுவிட்டது என்று மகள் எத்தனை கூறியும் மூதாட்டி நம்பவில்லை. "அவனுக்கு உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது; என்னிடம் மறைக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுச் சரியாக உண்பதையும் நிறுத்திவிட்டாராம்.

வாசகர்களே, புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்தச் சிறு இயந்திரங்கள் வெறும் இயந்திரங்கள் அல்ல. ஆதலால், மடிக்கணினி தன் வீட்டு வை-ஃபை வலையைக் காணாதபோது செய்யத்தக்கவை யாவை என்பதை இம்மாதப் பகுதிக்குப் பொருளாகக் கொண்டோம்.

சங்க மண்டபத்திலேயே முதற் சோதனையைச் செய்தோம். நமது கைப்பேசியில் 'ஹாட்ஸ்பாட்' என்னும் வசதியைத் திறந்தோம். அதைத் திறந்தால் கைப்பேசியே ஒரு சிறு வை-ஃபை நிலையமாக மாறிவிடும். மடிக்கணினியை இயக்கியதும் நம் கைப்பேசியின் பெயர் அதன் திரையில் தோன்றிற்று. "அம்மா, இது சாகவில்லை, நன்றாகவே கேட்கிறது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது" என்றோம். ஒன்பதாயிரம் ரூபாய் அந்த ஒரு நிமிடத்திலேயே மிஞ்சிவிட்டது. கோளாறு எங்கே என்பதைக் காண மறுநாட்காலை அவர் இல்லத்துக்கே செல்வதாக வாக்களித்தோம்.

செல்வதற்குமுன், இந்த வலை இயங்கும் விதத்தைச் சிறிது பார்ப்போம். நம் வீடுகளில் 'மோடம்' என்றே பலரும் அழைக்கும் ரவுட்டர் பெட்டி ஒரு தண்டோராக்காரனைப் போன்றது. 'நான் இங்கே இருக்கிறேன். என் பெயர் இன்னது' என்று நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை வானொலி அலைகளில் அறிவித்துக்கொண்டே இருக்கும். மடிக்கணினியில் உள்ள வை-ஃபை அட்டையோ காதைப் போன்றது. ஒவ்வோர் அலைவரிசையாகச் செவிகொடுத்து, கேட்ட பெயர்களைத் திரையில் வரிசையாகக் காட்டும். ஆகவே நம் வலையின் பெயர் திரையில் தோன்றவில்லையெனில் காரணம் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். தண்டோராக்காரன் வாயை மூடியிருக்கலாம், காது அடைபட்டிருக்கலாம், அல்லது அவன் ஒரு தெருவில் கூவ, காது வேறு தெருவில் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நம்மிடையே உள்ள முதியோருக்கு இது எளிதில் விளங்கும். பழைய வால்வு ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடிக்க முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியவர்கள் அல்லவா அவர்கள்! முள் சற்று விலகினால் இரைச்சல்தான் கேட்கும். அதனால் கொழும்பில் பாட்டு நின்றுவிட்டது என்று யாரும் முடிவு கட்டியதில்லை.

மறுநாள் ராஸ்தா பேட்டை இல்லத்தில் அம்மையாரின் கைப்பேசியைப் பார்த்தோம். வீட்டு வலையின் பெயர் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே தண்டோராக்காரன் கூவிக்கொண்டுதான் இருக்கிறான். மடிக்கணினியைப் பார்த்தோம். அண்டை வீட்டாரின் பெயர்கள் எட்டுத் தெரிந்தன. வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. ஆகவே காதும் திறந்துதான் இருக்கிறது. எஞ்சியது மூன்றாவது காரணமே. "அண்மையில் இங்கே எதையேனும் மாற்றினீர்களா?" என்று வினவினோம். நான்கு நாட்களுக்கு முன் இணைப்புக்காரர் வந்து ரவுட்டரை மாற்றிச் சென்றதாக அம்மையார் கூறினார். விடை கிடைத்துவிட்டது.

வை-ஃபை பெரும்பாலும் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைப் பகுதிகளில். 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, குறைந்த ஆற்றலுள்ள கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் வேண்டியதில்லை. ரேடியோப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய தலைமுறைக்கு இது வியப்பாகவே இருக்கும். அப்பகுதியில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை எண்ணிட்ட தடங்கள் உள்ளன. அமெரிக்காவில் விற்கும் கருவிகளோ வழக்கமாக முதல் 11 தடங்களை மட்டுமே பயன்படுத்தும். புதிய ரவுட்டர், நெரிசலற்ற தடத்தைத் தானே தேடிக்கொள்ளும் ஏற்பாட்டில் இருந்தது. அது 13-ஆம் தடத்தில் போய் அமர்ந்துவிட்டது. இங்கே வாங்கிய கைப்பேசிக்கு அது தெரிந்தது. அமெரிக்காவில் வாங்கிய கணினிக்கு அப்படி ஒரு தெரு இருப்பதே தெரியாது. அந்தப் பழைய கணினி 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும் அறியாதது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அதன் அமைப்புப் பக்கத்துக்குரிய முகவரி அச்சிடப்பட்டிருந்தது. கைப்பேசி வழியே அப்பக்கத்தைத் திறந்து, தடத்தை 6 என்று மாற்றினோம். ஒரு நிமிடத்தில் வீட்டு வலையின் பெயர் மடிக்கணினியில் தோன்றிற்று.

இனி, இத்தகைய இடர் நேரும் மற்ற வாசகர்களுக்காக முறையை வரிசைப்படுத்திக் கூறுகிறோம். இந்தப் பக்கத்தை வெட்டி, நாட்காட்டியோடு சேர்த்து மாட்டி வைத்தாலும் நன்றே.

முதற் கேள்வி: கைப்பேசிக்கு வலை தெரிகிறதா? தெரியவில்லையெனில் கணினியைத் தொடவேண்டாம், குற்றம் ரவுட்டரிடத்தில். அதன் விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். மின் இணைப்பைப் பிடுங்கி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் செருகி, இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பெயர் தெரிந்தும் இணையம் வராவிட்டால் அது வேறு நோய்; இணைப்புக்காரரை அழைக்கவேண்டியதே.

இரண்டாம் கேள்வி: கைப்பேசிக்குத் தெரிகிறது, மடிக்கணினிக்கு அண்டை வீட்டாரின் பெயர்களேனும் தெரிகின்றனவா? ஒன்றுமே தெரியவில்லையெனில் காது அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் அடைத்தது நம் விரலாகவே இருக்கும். விமானப் படம் போட்ட விசை ஒன்று விசைப்பலகையின் மேல்வரிசையில் இருக்கும். தூசி துடைக்கும்போது அது அழுந்தினாலே வை-ஃபை நின்றுவிடும். பழைய கணினிகள் சிலவற்றில் பக்கவாட்டில் சிறு தள்ளுவிசை ஒன்று உண்டு. ஒருகால் நாமே அதை அறியாமல் கணினியைக் கடைக்குச் சுமந்து சென்று, கடைச் சிறுவன் அதை நகத்தால் தள்ளிவிட்டுச் சிரித்ததைக் கண்டு நாணித் திரும்பினோம்.

விசை சரியாக இருந்தால் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். விண்டோஸ் கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் இயக்குவது பல வேளைகளில் முழு ஓய்வு ஆகாது; விரைவில் எழுவதற்காகப் பழைய நிலையின் ஒரு பகுதியை அது சேமித்து வைத்துக்கொள்கிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் மசியாவிட்டால் 'டிவைஸ் மானேஜர்' என்னும் பகுதியைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற தலைப்பின்கீழ்ப் பாருங்கள். வை-ஃபை அட்டையின் பெயர்மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் அது நிறுத்தப்பட்டிருக்கிறது. 'எனேபிள்' கொடுத்தால் எழும். மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால், அட்டையை இயக்கும் 'டிரைவர்' என்னும் மென்பொருளைப் புதுப்பிக்கவேண்டும். இணையம் இல்லாமல் அதை எவ்வாறு பெறுவது? கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்தால், கம்பி வழியே இணையம் வரும். கணினி உற்பத்தியாளரின் சொந்தத் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். அட்டை உண்மையிலேயே பழுதாகியிருந்தாலும் அஞ்சவேண்டாம். யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய வை-ஃபை கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மூன்றாம் கேள்வி: மற்றவர் பெயர்கள் தெரிகின்றன, நம் பெயர் மட்டும் தெரியவில்லையா? கணினியை ரவுட்டரின் அருகில் கொண்டுசென்று பாருங்கள். அங்கே தெரிந்தால் குறுக்கே நிற்பது சுவர். பழைய வாடாக்களின் கருங்கற்சுவர், புதிய அடுக்ககங்களில் கம்பி பொதிந்த கான்கிரீட், எஃகு பீரோ, கண்ணாடியின் பின்புற உலோகப் பூச்சு, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் இவ்வலைகளுக்குத் தடையே. ரவுட்டரைப் பீரோவின் பின்னால் ஒளிக்காமல், வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள். அருகிலும் தெரியாவிட்டால் மூன்றை ஆராயவேண்டும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குகிறதா? அதன் பெயரை மறைத்துவைக்கும் ஏற்பாடு இருக்கிறதா? 12 அல்லது 13-ஆம் தடத்தில் இருக்கிறதா? 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அவற்றுள் ஒன்றைத் தேர்வது நலம்.

இவ்வாறு படிப்படியாக வினவும் முறை நாம் புதிதாகக் கண்டதன்று. புனேயிலிருந்து நாசிக் சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கே, நாராயண்காவ் அருகில் கோடத் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே, தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள், பேரண்டத்திலிருந்து வரும் மெல்லிய வானொலி அலைகளுக்குச் செவிசாய்த்து நிற்கின்றன. மனிதர் எழுப்பும் வானொலி இரைச்சல் குறைந்த இடம் என்பது அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். அதை உருவாக்கிய பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப், அதற்குமுன் நமது உதகமண்டலத்தில் 1970-இல் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியை நிறுவியவர். மெல்லிய அலையைத் தேடுவோர், அது கேட்காதபோது வானம் வெறுமை என்று முடிவு கட்டலாகாது. கருவி பழுதா, இரைச்சல் மூடிவிட்டதா, கேட்கும் திசை தவறா என்று வரிசையாக வினவவேண்டும்.

வை-ஃபையின் வரலாற்றிலும் இத்தகைய தேடல் ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் ஓ'சலிவன் 1970-களின் பிற்பகுதியில், சிறு கருந்துளைகள் வெடித்து மறைகையில் எழக்கூடிய வானொலித் துடிப்புகளைத் தேடினார். அவை கிட்டவில்லை. ஆனால் வானொலி வானியலில் பழகிய கணித முறைகள் வீண்போகவில்லை. 1990-களில் அந்நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் அவரும் துணைவர்களும், அறைச் சுவர்களில் மோதி எதிரொலிக்கும் அலைகளிடையே செய்தியைச் சிதையாமல் அனுப்பும் வழியைக் கண்டனர். அதற்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிற்கால வை-ஃபையில் அம்முறைக்குச் சிறந்த இடம் உண்டு.

மீண்டும் ராஸ்தா பேட்டைக்கு வருவோம். நாம் தடத்தை மாற்றி முடித்தபோது மணி ஏழு அடித்துச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. மகள் அழைப்பு விடுக்க, திரையில் மகன் முகம் தோன்றிற்று. மூதாட்டி கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, திரையருகே குனிந்து, மகனின் முகத்தை நெற்றி முதல் மோவாய் வரை ஆராய்ந்தார். பிறகு, "ஏண்டா, மூணு நாளா எங்கடா போயிட்ட?" என்றார்.

"நான் இங்கேயேதாம்மா இருந்தேன்" என்று மகனின் உதடுகள் அசைந்தன.

மூதாட்டி அதைப் படித்துக்கொண்டார். மகள் பக்கம் திரும்பி, தமக்குக் காப்பி வேண்டும் என்றார்.